வால் வைத்த டிக்

பழைய வண்டி சேர்க்கிற அந்தக் கலெக்‌ஷன்காரர் டீயைக் குடித்தோமா, பாகத்தைக் கொடுத்தோமா, கிளம்பினோமா என்று இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! கப்பைக் கீழே வைத்துக்கொண்டே, "இது ஃபேக்டரி மூடின வருஷத்து இன்ஜின்மா. கடைசியா வந்த லாட். ரொம்ப ஜாக்கிரதையா செய்யணும். அந்த வால் வச்ச டிக் அப்படியே இருக்கணும்" என்று சொன்னார். சொல்லிவிட்டு, மழை வந்துவிடும் என்று அவசரமாகக் காரில் ஏறிப் போய்விட்டார். கொளுத்திப் போட்டவருக்கு என்ன, வீட்டில் இருந்தவர்கள் நாங்கள்தான்.

நாங்கள் என்றால், கீழே அக்கா, அக்காவின் மகள், அக்காவின் கொழுந்தன். மாடியில் வாடகைக்கு நான். என் தொழில் போட்டோ. மாடி முன்னறையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இப்போது ஊரில் எல்லாரும் தங்கள் மூஞ்சியைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் சைஸுக்கு மட்டும் என் ஞாபகம் வரும். அதனால் பாதி நாள் என் விளக்கைத் தூக்கிக்கொண்டு கீழே போய் உட்கார்ந்திருப்பேன். கீழே எனக்கு வேலையும் இருந்தது, டீயும் கிடைத்தது.

கீழ்வீட்டின் முன்பாதி ஒர்க் ஷாப். கொழுந்தன் மெக்கானிக். பழைய வண்டிகளை வாங்கி அழகு பார்க்கிற பணக்காரர்களுக்கு இன்ஜினைப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி பூட்டிக் கொடுப்பார். பின்பாதி வீடு. இரண்டுக்கும் நடுவில் ஜன்னல் வைத்த சின்ன அறை. அதுதான் அக்காவின் இடம். அக்கா செய்கிற வேலையைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். முதல்முறை கேட்டபோது நானும் சிரித்தேன்.

ஃபேக்டரியிலிருந்து வரும்போது இன்ஜினின் ஒவ்வொரு பாகத்திலும் ஏதாவது ஓர் அடையாளம் இருக்குமாம். இங்கே ஒரு மை முத்திரை, அங்கே ஒரு பெயிண்ட் கோடு, இன்னொன்றில் சாக்பீஸில் எழுதிய எண். 'நான் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது' என்று அந்தந்த இடத்தில் உட்கார்ந்த ஆள் போட்டுவிட்ட குறி. பிறகு எண்ணெயும் சூடும் சேர்ந்து அதையெல்லாம் தின்றுவிடும். தின்றதைத் திரும்பப் போட்டுக் கொடுப்பதுதான் அக்காவின் வேலை. பழைய வண்டிக் கண்காட்சியில் நடுவர்கள் டார்ச் அடித்துத் தேடுவார்களாம், அந்தக் குறி இருக்கிறதா என்று. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்தப் பைத்தியக்காரத்தனத்தில்தான் கீழ்வீட்டு அடுப்பு எரிந்தது. அக்காவின் மகள் படித்தாள்.

பெயிண்ட் போய்விட்டாலும் அது உட்கார்ந்திருந்த இடம் உலோகத்தில் கொஞ்சம் வெளுத்துக் கிடக்கும். நேராக விளக்குப் பிடித்தால் தெரியாது. மேசையோடு மேசையாக விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் காட்ட வேண்டும். அங்கேதான் நான் தேவைப்பட்டேன். நான் போட்டோ எடுப்பேன். அக்கா அதன்மேல் மெல்லிய தாளை வைத்து வரைந்துகொள்வார். அப்புறம் பாகத்தைச் சோப்புத் தண்ணீரிலும் தின்னரிலும் தேய்த்துப் பழைய தடமே இல்லாமல் ஆக்கிவிட்டு, புதிதாகப் போடுவார். முத்திரைக்கு ரப்பர் ஸ்டாம்ப், எண்ணுக்கு அச்சுத்தகடு. டிக்குக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. டிக்கை அக்கா கையால்தான் போடுவார்.

ஏனென்றால் அந்த டிக் அவர் வீட்டுக்காரருடையது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஃபேக்டரியில், இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைச் சோதித்து அனுப்புகிற நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே, ஒரு காலை ஷிஃப்டுக்கு எழுப்பினபோது எழுந்திருக்கவில்லை. ஃபேக்டரி அதற்கப்புறம் பல வருஷம் ஓடித்தான் மூடியது. நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அக்கா அந்த டிக் போடும்போது அறையில் இன்னோர் ஆள் இருப்பது மாதிரி எனக்குத் தோன்றும். பொய் சொல்லவில்லை.

அவர் இடது கைக்காரராம். அக்கா வலது கைக்காரர். சமையல், தையல், எழுத்து எல்லாம் வலது. டிக் போடும் நேரம் வந்தால் மட்டும் பிரஷ் இடது கைக்குப் போகும். கண் பாகத்தைப் பார்க்காது. அதைத் தாண்டி எங்கேயோ பார்க்கும். மூச்சு நிற்கும். கை இறங்கும், ஏறும், கடைசியில் மணிக்கட்டு மட்டும் பின்பக்கம் திரும்பி ஒரு சின்ன வாலை விடும். அந்த வால் முடிகிற இடத்தில் அக்காவின் தொண்டையிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். ஆம்பிளைச் சத்தம். அப்போதெல்லாம் மெக்கானிக் கம்ப்ரெசரை நிறுத்திவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவார். அண்ணன் மேல் அவ்வளவு மரியாதை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மகளுக்கு அந்த டிக்கே பிடிக்காது. "அதைப் போடும்போது அது எங்கம்மாவே இல்ல, மாமா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "சின்ன வயசுல ஒரு தடவை கிட்டப் போய் அம்மான்னு கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து, யாரு நீங்கிற மாதிரி பார்த்தா."

அந்த மகளுக்கு வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருந்தது. தங்க வீடும் கொடுத்தார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக முடிவு. அக்கா பெரிதாகச் சந்தோஷப்படவில்லை, ஆனால் சரி என்று சொல்லியிருந்தார். இரண்டு பெட்டிகள் வாங்கி வைத்தாயிற்று. கலெக்‌ஷன்காரர் கொடுத்த ஹெட்தான் கடைசி வேலை என்று பேச்சு.

கார் தெருமுனை தாண்டியதும் அக்கா ஒர்க் ஷாப்புக்கு வந்தார்.

"தம்பி, ஃபேக்டரி மூடின வருஷம்னு சொல்றாரே?"

மெக்கானிக் தலை நிமிரவில்லை. "அவருக்கு என்ன அண்ணி தெரியும். சும்மா அடிச்சு விடுவாரு."

"எந்த இன்ஜின் வந்தாலும் நீங்கதானே நம்பரைப் பார்த்து, அண்ணன் இருந்தப்போ வந்த வண்டின்னு சொல்வீங்க. இதைப் பார்த்துச் சொல்லுங்க."

"பார்க்கலாம், பார்க்கலாம்."

"இப்போ பாருங்க."

அவர் துணியால் கையைத் துடைத்தார். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் கையைத் துடைப்பான்! கடைசியில் குனிந்து பார்த்துவிட்டு, "கடைசி வருஷந்தான்" என்றார். அக்கா என்னைப் பார்த்து, "போட்டோத் தம்பி, விளக்கைக் கொண்டு வாங்க" என்றார்.

விளக்கைத் தாழ்த்தினேன். கறுத்துப் போன அலுமினியத்தில் முதலில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். இறங்கி, ஏறி, பின்பக்கம் திரும்பிய வால். அப்படியே இருந்தது. ஆள் போய் எத்தனையோ வருஷம் கழித்து வார்த்த உலோகத்தில், ஆள் போட்ட டிக்.

எனக்குக் கை மயிர் எல்லாம் நட்டுக்கொண்டது. அக்காவோ சிரித்தார். அந்த வீட்டில் நான் குடிவந்து அத்தனை காலத்தில் அந்த மாதிரி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் பார்த்ததில்லை.

"வேலைக்குப் போய்ட்டுத்தான் இருந்திருக்கார், பாருங்களேன்" என்றார்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு, நசநசவென்று, துணியும் காயாமல் பெயிண்டும் காயாமல் கழுத்தறுக்கிற மழை. அக்கா ஹெட்டைத் தேய்க்கவில்லை. வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துவிட்டார். காலையில் டீ போட்டால் ஒரு கப் அதன் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும். வெங்காயத்தை இடது கையால் நறுக்க ஆரம்பித்தார். மகள் சாப்பிட உட்கார்ந்தால் முட்டைப் பொரியலை இடது கையால் அள்ளி வைத்தார். கொல்லைக் கதவைப் பகலெல்லாம் திறந்தே போட்டார். சாரல் அடித்துத் தரை நனைந்தது.

ஒரு மத்தியானம் கரண்ட் போயிருந்தது. நான் டீ கிடைக்குமா என்று இறங்கிப் போனேன். அக்கா அந்தச் சின்ன அறையில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். மகளுடன் என்று நினைத்து உள்ளே போய், வழக்கமாக உட்கார்கிற ஸ்டூலை இழுத்தேன்.

"அதுல உக்காராதீங்க தம்பி" என்றார் அக்கா, கோபமே இல்லாமல். "நீங்க இப்படி வாங்க."

அறையில் வேறு யாரும் இல்லை. எனக்கு டீயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. மாடிக்கு வந்து, பகல் வெளிச்சத்திலேயே கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பெரிய தைரியசாலி என்று எங்கேயும் சொன்னதில்லை.

மகள் புறப்பட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ஒருநாள் காலையில் கீழே குரல் உயர்ந்தது. மாடிப்படியில் நின்று கேட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"உன் சேலையை எடுத்துக் குடும்மா, பெட்டியில வைக்கணும்."

"நீ போடி. நான் வரல."

"என்னம்மா விளையாடறியா? சரின்னு சொன்னல்ல?"

"அப்போ அவர் இல்லைன்னு நெனச்சுச் சொன்னேன். இப்போ இங்கதான் இருக்கார்னு தெரிஞ்சுபோச்சு. அவரைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது?"

"அம்மா, அப்பா செத்துட்டாரும்மா."

"செத்தவர் எப்படி டிக் போடுவார்? நீயே வந்து பாரு."

"பேய் ஷிஃப்டுக்குப் போகுமாம்மா? கார்டு பஞ்ச் பண்ணுமா? டீ பிரேக் எடுக்குமா?"

"கிண்டல் பண்ணாதடி."

"நான் அழுதுகிட்டே கேக்கறேன்மா, கிண்டலா தெரியுதா உனக்கு? எனக்கு அப்பா முகமே ஞாபகம் இல்ல. உன் முகமும் கொஞ்ச நாள்ல மறந்துடும்போல இருக்கு. எப்பப் பார்த்தாலும் அவர் முகத்தைத்தான் மாட்டிக்கிட்டு நிக்கற. உன்னை இப்படி விட்டுட்டு நான் போனா அங்க எனக்குச் சோறு இறங்குமா? போகாம இருந்தா இந்த வீட்ல நானும் பைத்தியமாயிடுவேன்."

கொஞ்ச நேரத்தில் மகள் ஒர்க் ஷாப்புக்கு வந்தாள். நானும் இறங்கினேன். மெக்கானிக் ஒரு பழைய மூடியில் போல்ட் ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

"யோவ் மெக்கானிக், நீராவது அக்காகிட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றேன். "நீர் சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க. இப்படி வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி இருந்தா எப்படி?"

அவர் திருகிக்கொண்டே இருந்தார். மகள் அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, நீங்களும் அந்த ஃபேக்டரியிலதானே இருந்தீங்க?"

"ம்."

"அப்பா போனப்புறம் அந்த நாற்காலியில யாரு உக்காந்தா?"

சாதாரணக் கேள்வி. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி. நானும் கேட்டதில்லை, எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறவன். மெக்கானிக்கின் ஸ்பேனர் நின்றது. மகளைப் பார்த்தார், பிறகு அவள் பின்னால் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். எழுந்து குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். அந்தப் பழைய மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் அந்த அறைக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. வாசலோடு நின்று பாகத்தை நீட்டிவிட்டுப் போய்விடுவார். இப்போது நேராக உள்ளே போனார். மூடியை மேசையில் வைத்தார். மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். பிரஷை எடுத்தார், இடது கையில். அண்ணன் தம்பி இரண்டு பேருமே இடது கைக்காரர்கள் என்பதை நான் அப்போதுதான் யோசித்தேன்.

கண் எங்கேயோ பார்த்தது. மூச்சு நின்றது. கை இறங்கியது, ஏறியது, மணிக்கட்டு திரும்பியது.

"ம்" என்றார்.

அக்காவின் தொண்டையிலிருந்து வருகிற அதே சத்தம். மூடியில் அந்த டிக் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது. அக்கா வரைந்து வைத்த அத்தனை தாள்களிலும் இருந்த டிக், வாலோடு.

அக்கா அதையே பார்த்தார். "நல்லாத்தான் போடறீங்க தம்பி" என்றார். "அண்ணன்கிட்ட கத்துக்கிட்டீங்களா?"

"இல்ல அண்ணி. இது என்னோடது."

"என்னது?"

"அண்ணன் போனப்புறம் அந்த நாற்காலியில என்னைத்தான் உக்கார வச்சாங்க. நீங்க அப்போ உங்கம்மா வீட்ல இருந்தீங்க. ஃபேக்டரி மூடற வரைக்கும் நான்தான். ஆளுக்கு ஒரு குறி வச்சுக்கணும்னாங்க. நான் டிக் போட்டு வாலை இழுத்துக்கிட்டேன்."

"நீங்க அசெம்ப்ளி பிரிவுலன்னுதானே சொன்னீங்க?"

"முதல்ல அங்கதான்."

மழை ஜன்னல் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"முதல் இன்ஜின் வந்தப்போ நான் கேட்டேனே. இது அவர் போட்டதான்னு கேட்டேனே."

"கேட்டீங்க. அதுக்கு முன்னாடி ரொம்ப நாளா நீங்க வாயே திறக்கல அண்ணி. சாப்பிடல. புள்ளையைக் கவனிக்கல. அன்னிக்கு அதைப் பார்த்துட்டுத்தான் பேசுனீங்க. முகத்துல உயிர் வந்துச்சு. இல்லைன்னு எப்படிச் சொல்வேன்? ஆமான்னு சொல்லிட்டேன். ஒரு ஆமாதான் அண்ணி. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணுக்கும் ஆமா சொல்லிக்கிட்டே போக வேண்டியதாப் போச்சு."

"அப்போ இவ்வளவு நாளா என் கையில வந்தது..."

அவர் பிரஷைக் கீழே வைத்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என்ன செய்வேன், விளக்கு வயரைச் சுருட்டினேன்.

"அவர் என்ன போடுவார்?" என்று அக்கா கேட்டார்.

"அண்ணனா? அண்ணனுக்கு இதுக்கெல்லாம் பொறுமை ஏது? பிரஷை மஞ்சள்ல தொட்டு ஒரு புள்ளி வைப்பாரு. அவ்வளவுதான். ஃபோர்மேன் திட்டுவாரு. 'புள்ளி வச்சா ஓடாதா உங்க இன்ஜின்?'னு கேட்டுட்டுச் சிரிப்பாரு."

"புள்ளியா?" அக்கா எழுந்தே விட்டார். "மஞ்சள் புள்ளியா? ஓரத்துல, போல்ட் துளைக்குப் பக்கத்துல?"

"ஆமா."

"பெயிண்ட் சிந்தினதுன்னு நெனச்சேனே! தின்னரைத் தொட்டு நான்தானே துடைச்சேன்! ரெண்டு மூணு ஹெட்ல இருந்துச்சே. துடைச்சுட்டு, அந்த இடத்துல நானே இந்த டிக்கைப் போட்டேனே தம்பி!"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் அண்ணி."

"பார்த்தீங்களா?"

"துடைக்காதீங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க."

அப்பாடா, அந்த மனுஷன் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை தன் கையே அண்ணியின் கையில் இறங்குவதைப் பார்க்க முடியாமல் தெருவுக்குப் போய் நின்றவன். அதை மரியாதை என்று நினைத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல! அவர்மேல் எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எது அதிகம் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

அக்கா வெள்ளைத் துணிமேல் இருந்த ஹெட்டை எடுத்து மெக்கானிக்கின் கையில் கொடுத்தார்.

"இது உங்க கையெழுத்து. நீங்களே போட்டுக் குடுத்துடுங்க."

அவர் வாங்கிக்கொண்டார். அக்கா பக்கத்தில் ஆறிக் கிடந்த டீயை எடுத்துக் கொல்லைப் பக்கம் போனார், முற்றத்தில் கொட்டினார், கப்பைக் கழுவிக் கவிழ்த்தார். கதவைச் சாத்தினார். எல்லாம் வலது கை. திரும்பி வந்து மகள் எதிரில் நின்றார். அவளை மேலும் கீழும் பார்த்தார், வெளியூரிலிருந்து வந்தவளைப் பார்ப்பது போல.

"எப்படி வளர்ந்துட்டடி" என்றார்.

"அம்மா."

"உங்கப்பா செத்துப் போயிட்டாருடி."

மகள் சிரிக்கவில்லை, எனக்குத் தெரியும் என்று சொல்லவும் இல்லை. "ஆமாம்மா" என்று இரண்டு கையையும் நீட்டினாள். அப்போது அக்கா போட்ட ஓலத்தை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். அடிவயிற்றிலிருந்து வந்தது. ஆம்பிளைச் சத்தமெல்லாம் இல்லை. அக்காவின் சொந்தக் குரல்தான். புருஷன் பெயரைச் சொல்லி, போயிட்டியே, என்னை விட்டுட்டுப் போயிட்டியே, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே என்று மகளின் தோளில் முகத்தை முட்டிக்கொண்டு அழுதார். "நான் உன்கூடவே வந்துடறேன்டி. என்னைக் கூட்டிட்டுப் போயிடு. இங்க யாரும் இல்லடி எனக்கு, யாரும் இல்ல."

மெக்கானிக் வாசற்படியில் ஹெட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டார். கேட்டுவிட்டு ஒர்க் ஷாப் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் கம்ப்ரெசர் ஓடும் சத்தம் வந்தது.

நான் அங்கே நின்று என்ன செய்ய? தெருவுக்கு வந்தேன். மழை தூறலாக இருந்தது. எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. பழைய ஆட்கள் விஷயம் புரியாமல் தங்கள் வாசலிலேயே நின்றார்கள். தெருமுனையில் புதிதாகக் கடை போட்டிருந்த அயர்ன்காரர்தான் ஓடி வந்தார், தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு.

"என்ன சார், யாரு போயிட்டாங்க?"

"அந்த அக்காவோட வீட்டுக்காரர்."

"அடப்பாவமே. எப்போ சார்?"

நான் வாயைத் திறந்தேன். உள்ளே அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"இப்பத்தான்" என்றேன்.

அவர் தலைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் என் பக்கத்தில் நின்றார். பிறகு தூறலில் நடந்து போய்த் தன் கடை ரேடியோவை நிறுத்தினார்.